ரெண்டாம் வகுப்புப் பொண்ணு ஸ்கூல்ல வாயே திறக்கல, வீட்ல மட்டும் பேசுது. என்ன பண்றது?

மலையடிவாரம் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். எங்களது ஈராசிரியர் பள்ளி. ஒண்ணு ரெண்டு மூணு எனக்கு, நாலு அஞ்சு எச்.எம் சாருக்கு, அவரு மீட்டிங் போற அன்னிக்கு அஞ்சு கிளாசும் என் தலைல. விஷயம் என்னன்னா ரெண்டாம் வகுப்புல ஒரு பொண்ணு, ஜூன்ல வேற ஸ்கூல்ல இருந்து மாறி வந்துச்சு, இப்ப காலாண்டு லீவு முடிஞ்சும் ஸ்கூல்ல ஒரு வார்த்தை பேசல. ஒரு வார்த்தைன்னா ஒரு வார்த்தை கூட இல்ல. அட்டெண்டன்ஸுக்கு உள்ளேன் டீச்சர் கிடையாது, பாட்டு பாடும்போது உதடு அசையாது, பக்கத்துல இருக்கற புள்ளைங்ககிட்டயும் சைகைதான். ஆனா எழுத்து முத்து முத்தா இருக்கு, சொல்லுவதை எழுதுதல்ல தப்பே வராது.

அவங்க அம்மாகிட்ட கேட்டா "வீட்ல வாய மூடவே மாட்டா டீச்சர், நீங்க சொல்றத நம்பவே முடியல"ங்கறாங்க. போன்ல எடுத்த வீடியோ காட்டினாங்க, தம்பிகிட்ட ரிமோட்டுக்கு சண்டை போடுது, நம்ம கிளாஸ்ல நான் நடத்தின பாட்ட ராகத்தோட பாடுது!! என்ன மாதிரியே கைய ஆட்டி வேற பாடுது.

சிக்கல் ரெண்டு. வாய் திறந்து வாசிக்காததால எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்புங்கற முதல் நிலைலயே உக்காந்திருக்கு, எனக்குத் தெரியும் அது அடுத்த நிலையான 'மொட்டு'வையும் தாண்டின புள்ளன்னு, ஆனா வாசிச்சதுக்கு நான் எதக் காட்டறது. ரெண்டாவது, போன வாரம் கிளாஸ்லயே ஒண்ணுக்குப் போயிடுச்சு. பாத்ரூம் போகணும்னு கேக்கறதுக்கும் வாய் வரல. பாவாடைய இழுத்து விட்டுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்துச்சு, மத்த புள்ளைங்க எந்திரிச்சு சாப்பாட்டுக்குப் போனப்புறம்தான் எனக்கே தெரிஞ்சது. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, திமிருங்கறாங்க, காத்து கருப்புங்கறாங்க. இங்க யாராவது இப்படி ஒரு புள்ளைய வெச்சு சமாளிச்சிருந்தா சொல்லுங்க.


கரும்பலகை72:

டீச்சர் தப்பா நினைக்காதீங்க. 40 புள்ளைங்க இருக்கற இடத்துல ஒண்ணு பேசலன்னா அது கூச்சம், அவ்ளோதான். நாங்க படிக்கறப்ப அப்படி ரெண்டு மூணு பேர் இருப்பாங்க, வாத்தியார் முட்டிக்கு கீழ ரெண்டு போட்டா தானா வாய் திறக்கும், இன்னிக்கு அவங்கல்லாம் நல்லாத்தான் இருக்காங்க. இப்ப எல்லாத்துக்கும் மனநலம்னு ஒரு பேர் வெச்சுக்கிட்டு புள்ளைய ஆஸ்பத்திரிக்கு அலைய விடறாங்க. கொஞ்சம் கண்டிப்பு காட்டுங்க, சரியாயிடும்.


சேலத்து சைக்காலஜி:

கரும்பலகை சார், அடிச்சுப் பேச வெக்கறதெல்லாம் வேணாம்.

டீச்சர், நான் கிளினிக்கல் சைக்காலஜி படிச்சுட்டு குழந்தைங்களப் பாக்கற ஆளு. நேர்ல பாக்காம நோய்க்குப் பேர் வெக்கக் கூடாது, ஆனா நீங்க சொன்னது எல்லாம் செலக்டிவ் மியூட்டிசத்தோட அச்சு அசலா ஒத்துப் போகுது. வீட்ல நல்லாப் பேசும், ஸ்கூல் மாதிரி இடத்துல பேச்சே வராது. இது பிடிவாதம் இல்ல, பயம். பேசணும்னு உள்ளுக்குள்ள ஆசை இருக்கும், நாலு பேர் கண்ணு தன் மேல விழுந்ததும் தொண்டை அடைச்சிரும். 1877ல குஸ்மால்னு ஒரு ஜெர்மன் டாக்டர் இதப் பத்தி எழுதினப்பவும் வேணும்னே பேசாம இருக்காங்கன்னுதான் நினைச்சாரு, அந்த நினைப்பு மாற நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, 2013ல வந்த டிஎஸ்எம் 5ங்கற அமெரிக்க மனநலக் கையேட்டுலதான் பதட்டக் கோளாறுங்க வரிசைல இத சேர்த்தாங்க. அதனால ஊர்க்காரங்க திமிருன்னு சொல்றதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல, டாக்டருங்களே ரொம்ப காலம் அப்படித்தான் இருந்தாங்க.

பெரும்பாலும் அஞ்சு வயசுக்கு முன்னாடியே இருக்கும், ஸ்கூலுக்கு வந்தாத்தான் கண்ணுல படும். ஸ்கூல் சேர்ந்த முதல் மாசம் எந்தப் புள்ளயும் பேசாம இருக்கலாம், அதக் கணக்குல எடுக்க மாட்டோம். உங்க கேஸ்ல ஜூன்ல இருந்து இப்ப வரைக்கும்னா அது கூச்சத்தோட எல்லைய எப்பவோ தாண்டிடுச்சு. பழைய ஸ்கூல் டீச்சருக்கு ஒரு போன் போட்டுப் பாருங்க, அங்க பேசுச்சா இல்லையான்னு. இது ரொம்ப முக்கியம், ஏன்னா எல்லார்கிட்டயும் நல்லாப் பேசிட்டு இருந்த புள்ள திடீர்னு ஒரு நாள்ல இருந்து நிறுத்திடுச்சுன்னா அது வேற கதை, வீட்ல சாவு, பயந்த சம்பவம், யாராவது தப்பா நடந்துக்கிட்டது, இதெல்லாம் யோசிக்கணும். அந்த மாதிரி சந்தேகம் வந்தா நாமளே புள்ளைய உக்கார வெச்சு துருவித் துருவிக் கேக்கக் கூடாது, குழந்தைங்க உதவி எண் 1098க்கு கூப்பிடணும். குழந்தைங்க பாலியல் கொடுமைக்கு எதிரான போக்சோ சட்டத்துல, தெரிஞ்சும் சொல்லாம இருக்கறதே குத்தம்.

இப்ப கிளாஸ்ல என்ன பண்றதுன்னா. முதல்ல பாத்ரூம். இன்னிக்கே சரி பண்ணுங்க. ஒரு அட்டைல படம் வரைஞ்சு அது டெஸ்க் மேல வெச்சிட்டா போலாம்னு எல்லாப் புள்ளைக்கும் பொதுவா விடுங்க, அதுக்கு மட்டும்னு தனியா வேணாம். அட்டெண்டன்ஸும் அப்படித்தான், கொஞ்ச நாளைக்கு எல்லாரும் கை தூக்கட்டும். அப்புறம் பேசு பேசுன்னு கேக்கறத மொத்தமா நிறுத்திடுங்க. மிட்டாய் தரேன்னு ஆசை காட்டறதும் அழுத்தம்தான். கண்ணுக்கு நேரா பாத்துக் கேக்காம பக்கத்துல உக்காந்து அது வரையற படத்தப் பாத்து நீங்களே பேசிக்கிட்டு இருங்க, "ஓ ஆட்டுக்கு பச்சை கலரா"ன்னு. பதில் எதிர்பாக்காதீங்க. கொஞ்சம் பழகினப்புறம் "சிவப்பா மஞ்சளா"ன்னு ரெண்டுல ஒண்ணு கேக்கலாம், ஆமா இல்லைன்னு தலைய ஆட்டி முடிக்கற மாதிரி கேள்வி உதவாது. கேட்டுட்டு மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. நமக்கு அந்த அஞ்சு செகண்டு தாங்காது, நாமளே பதில் சொல்லிடுவோம்.

என்னிக்காவது ஒரு சத்தம் வந்துட்டா கைதட்டாதீங்க டீச்சர். கிளாசே திரும்பிப் பாத்துச்சுன்னா மறுபடி பூட்டிக்கும். எதுவும் நடக்காத மாதிரி அடுத்த வேலைக்குப் போயிருங்க.


நிலாம்மா:

சைக்காலஜி தம்பி சொல்றது அப்படியே என் பையன் கதை. யுகேஜில ஆரம்பிச்சு ரெண்டாவது வரைக்கும் ஒரு பிரைவேட் ஸ்கூல்ல வாயே திறக்கல. ரேங்க் கார்டுல வகுப்பில் ஒத்துழைப்பதில்லைன்னு எழுதி அனுப்பினாங்க. மாமியார் வசம்பு உரசி நாக்குல தடவினாங்க, கோயில் மணில தண்ணி ஊத்திப் புடிச்சு குடிக்க வெச்சாங்க. நான் எதையும் தடுக்கல, அவங்களுக்கும் பேரன் மேல பாசம்தானே. ஆனா புள்ளைக்கு என்ன தோணும், நம்ம கிட்ட ஏதோ கோளாறுன்னுதானே தோணும்.

கடைசில மூணாவதுல வந்த மிஸ் புண்ணியவதி. ஸ்கூல் விட்டப்புறம் என்னையும் அவனையும் காலி கிளாஸ் ரூம்ல உக்கார விட்டாங்க. கதவு சாத்தி இருக்கும், நாங்க ரெண்டு பேரும் பாம்பு ஏணி விளையாடுவோம், அவன் வீட்ல மாதிரி கத்துவான். முதல்ல மிஸ் வராண்டாலயே இருந்தாங்க. அப்புறம் கதவத் திறந்து வெச்சுட்டு வெளிய நோட்டு திருத்தினாங்க. அப்புறம் உள்ள வந்து மூலைல உக்காந்தாங்க, எங்க பக்கம் பாக்கவே மாட்டாங்க. அவங்க ஒரு அடி கிட்ட வந்தா இவன் சத்தம் ஒரு படி குறையும், மறுபடி ரெண்டு நாள்ல ஏறும். ஒரு நாள் அவங்களும் ஆட்டத்துல சேர்ந்தாங்க, பகடை உருட்டிட்டு அவங்க ஆறுன்னு சொன்னதும் இவன் அவனையும் மீறி "அது அஞ்சு மிஸ், ஏமாத்தாதீங்க"ன்னான். நான் அழுதுட்டேன், மிஸ் மட்டும் காய நகத்திட்டு இருந்தாங்க.

இப்ப எட்டாவது படிக்கறான். இன்னும் மேடை ஏற மாட்டான், அது பரவால்ல.


கரும்பலகை72:

அம்மா உங்க பையன் நல்லா இருக்கறதுல சந்தோஷம். ஆனா ஸ்கூல் விட்டப்புறம் தினமும் உக்காந்து பாம்பு ஏணி ஆடறதுக்கு கவர்மென்ட் ஸ்கூல் டீச்சருக்கு எங்கம்மா நேரம். புள்ளைங்க விவரத்த எமிஸ் வெப்சைட்ல ஏத்தணும், சத்துணவு கணக்கு, சீருடை செருப்பு கணக்கு, பள்ளி மேலாண்மைக் குழு (எஸ்எம்சி) கூட்டம். நான் ரிட்டயர் ஆன வாத்தியார்தான், அந்த வலி தெரியும். அடிக்கச் சொன்னது பழைய பழக்கத்துல வந்த பேச்சு, விடுங்க. ஆனா இந்த நேரக் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்க.


திருப்பூர் வாத்தியார்:

கரும்பலகை ஐயா கேக்கற கேள்வி நியாயமானதுதான். அதுக்கு முன்னாடி ஒண்ணு.

எங்க ஸ்கூல்ல பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த ஒடிசா பீகார் குடும்பத்துப் புள்ளைங்க நிறைய. வந்த புதுசுல மாசக்கணக்குல வாயே திறக்காதுங்க. அது பயத்துல வர்ற நோய் இல்ல, காதுல விழறது எதுவும் புரியல, கேட்டுக்கிட்டு இருக்குதுங்க, அவ்ளோதான். திடீர்னு ஒரு நாள் "சார் இவன் அடிக்கறான்"னு சுத்தத் தமிழ்ல புகாரோட வரும். அதனால பேசாத புள்ள எல்லாத்தையும் ஒரே கூடைல போட்டுராதீங்க. மலையடிவாரம் டீச்சர், அந்தப் பொண்ணு வீட்ல என்ன பாஷைன்னு கேட்டீங்களா? தெலுங்கு கன்னடம் பேசற வீடா இருந்தா கதை மாறும்.


மலையடிவாரம் டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ பதில் வரும்னு நினைக்கல. திருப்பூர் சார், வீட்ல தமிழ்தான். பழைய ஸ்கூல் டீச்சர்கிட்ட பேசிட்டேன், அங்கயும் ஒண்ணாவது பூரா பேசலயாம், "நல்ல அமைதியான புள்ள, தொந்தரவே இல்ல"ன்னு சொன்னாங்க. தொந்தரவு இல்லாததால யாரும் கண்டுக்கல போல. சத்தம் போடற பையன்னா முதல் வாரத்துலயே எச்.எம் ரூம் வரைக்கும் போயிருக்கும்.

பாத்ரூம் அட்டை வெச்சாச்சு. முதல் நாள் பசங்க எல்லாரும் சும்மாவே அட்டைய எடுத்துக்கிட்டு ஊர்கோலம் போனாங்க 😂 ரெண்டாம் நாள் அடங்கிடுச்சு. அந்தப் பொண்ணும் எடுத்துச்சு.

வாசிப்புக்கு என்ன பண்ணட்டும்? அம்மா போன்ல வாசிச்சு அனுப்பினா அதக் கணக்குல எடுக்கலாமா?


சிறப்பாசிரியர் கடலூர்:

தாராளமா எடுக்கலாம் டீச்சர். வாசிக்கத் தெரியுமான்னு பாக்கத்தானே மதிப்பீடு, எந்த ரூம்ல வாசிச்சா என்ன. வாய்ஸ் மெசேஜா வாங்கிக்கோங்க, உங்க வட்டார ஆசிரியர் பயிற்றுநர் (பிஆர்டி) வரும்போது காட்டி ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருங்க. ஒண்ணே ஒண்ணு, அந்த ரெக்கார்டிங்க கிளாஸ்ல போட்டுக் காட்டிராதீங்க, பாருங்கடா இவ எப்படி வாசிக்கறான்னு பெருமையா காட்டணும்னு கை துறுதுறுங்கும். அந்தப் பொண்ணே சரின்னு தலையாட்டினா நீங்க மட்டும் தனியா அது முன்னாடி கேளுங்க. தன் குரல் டீச்சர் காதுல விழுந்தும் ஒண்ணும் ஆகலன்னு அதுக்குத் தெரியறதே பெரிய படி.

கூடவே காது டெஸ்ட் ஒண்ணு பண்ணிருங்க. வீட்ல பேசுதுன்னாலும் ஒரு காது மந்தமா இருந்தா சத்தமான கிளாஸ்ல புள்ளைங்க ஒதுங்கிப் போயிரும், இத நான் நிறைய பாத்திருக்கேன். ஸ்கூலுக்கு வருஷா வருஷம் ஆர்பிஎஸ்கே மெடிக்கல் டீம் வரும்ல, உயரம் எடை பாத்து பல்லு பாத்துட்டுப் போறவங்க, அவங்ககிட்ட தனியா சொல்லுங்க. வளர்ச்சில பின்தங்கற புள்ளைங்களக் கண்டுபிடிக்கறதும் அவங்க வேலைதான், நாம வாய் திறந்து சொன்னாத்தான் பாப்பாங்க. அவங்க சீட்டு எழுதினா மாவட்டத்துல இருக்கற டிஇஐசிங்கற ஆரம்பகாலத் தலையீட்டு மையத்துக்குப் போகலாம், அங்க சைக்காலஜிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரே இடத்துல, காசு கிடையாது. உங்க பிளாக் சிறப்பாசிரியர் நம்பர் வட்டார வள மையத்துல (பிஆர்சி) கேளுங்க. சும்மா டவுட்டு கேக்கணும்னா டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண் 14416, தமிழ்லயே பேசுவாங்க, அம்மாவே கூப்பிடலாம்.


பழைய எச்.எம்:

நேரக் கேள்விக்கு நான் சொல்றேன். தினமும் தனியா ஒரு மணி நேரம் யாராலயும் முடியாது, உண்மை. ஆனா காலைல எட்டேகாலுக்கே ஸ்கூல்ல புள்ளைங்க வந்து உக்காந்திருக்கு. 2022 செப்டம்பர் 15ல மதுரைல காலை உணவுத் திட்டம் ஆரம்பிச்சாங்களே, அப்புறம் அடுத்த வருஷம் எல்லா கவர்மென்ட் தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு, அதுக்கப்புறம் பத்து மணிக்கு டெஸ்க்ல தலை சாய்க்கற புள்ளைங்க குறைஞ்சுது. மனசப் பத்திப் பேசறவங்க வயித்த மறந்துடறாங்க, காலைல சாப்பிடாத புள்ள எரிஞ்சு விழும், அழும், அத நாம குணம்னு எழுதி வெச்சிருப்போம்.

அந்த காலைச் சாப்பாட்டு வரிசைலயும் மதியம் முட்டை வாங்கற வரிசைலயும் நில்லுங்க. யாரு யார் பக்கத்துல உக்காரறா, யாரு தட்ட எடுத்துக்கிட்டு தூணுக்குப் பின்னாடி போறா, யாரு ரெண்டாவது தடவ வாங்கி டிபன் பாக்ஸ்ல தங்கச்சிக்கு ஒளிச்சு வெக்கறா, எல்லாம் அங்க தெரிஞ்சுரும். எந்த பாரமும் நிரப்ப வேண்டாம். கிளாஸ்ல முப்பது முதுகுதான் தெரியும், சாப்பாட்டுல மூஞ்சி தெரியும்.

கரும்பலகை, நீங்க அடிச்ச பேச்ச விட்டுட்டீங்க, நல்லது. இருந்தாலும் புதுசா வேலைக்கு வந்த பசங்க படிப்பாங்கன்னு சொல்றேன், 2009 கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவு உடம்புக்கு தண்டனை மட்டும் இல்ல, மனச நோகடிக்கறதையும் தடை பண்ணுது. "ஊமையா நீ"ன்னு நாலு பேர் முன்னாடி கேக்கறதும் அதுல வரும்.


கொங்குநாட்டான்:

எனக்கு ஒரு யோசனை. டெல்லில 2018ல ஹேப்பினஸ் கிளாஸ்னு கொண்டு வந்தாங்க, நர்சரில இருந்து எட்டாவது வரைக்கும், தியானம் கதை விளையாட்டுன்னு. இங்கயும் அப்படி தினம் ஒரு பீரியட் வெச்சா என்ன? எண்ணும் எழுத்தும்ல கதை பாட்டெல்லாம் இருக்கு, மனசுக்குன்னு தனியா ஒண்ணும் இல்லையே.


பழைய எச்.எம்:

வேணாம்னு சொல்ல மாட்டேன் தம்பி, ஆனா பீரியட் வந்தா பதிவேடு வரும், பதிவேடு வந்தா போட்டோ எடுத்து குரூப்ல போடணும், கண்ண மூடி உக்காந்த புள்ளைங்கள வாத்தியார் கண்ண திறந்து போட்டோ எடுத்துட்டு இருப்பாரு. முக்காமணி நேரம் மனசுக்கு, மீதி நேரம் பழையபடி கத்தறதுன்னா புள்ளைங்களுக்கு வித்தியாசம் தெரியும். அதவிட திங்கக்கிழமை எந்த மூட்ல இருந்தீங்களோ அதே மூட்ல வெள்ளிக்கிழமையும் இருங்க. இன்னிக்கு சார் எப்படி இருப்பாருன்னு வாசல்ல நின்னு யோசிக்கற நிலைமை இல்லாத கிளாஸ்தான் நல்ல கிளாஸ். நான் இவ்ளோ வருஷத்துல கண்டது அது ஒண்ணுதான், மத்ததெல்லாம் அதுக்கு மேல.


திருப்பூர் வாத்தியார்:

எங்க ஸ்கூல்ல மூஞ்சி சார்ட் போட்டாங்க, சிரிக்கற மூஞ்சி அழற மூஞ்சி கோவமூஞ்சி, காலைல வந்ததும் அவங்கவங்க பேரு அட்டைய குத்தணும். முதல் வாரம் எல்லாரும் சிரிக்கற மூஞ்சிலயே குத்துச்சுங்க. அப்பா ராத்திரி அம்மாவ அடிச்சத எனக்கு வாட்ச்மேன் சொல்லித் தெரிஞ்ச அன்னிக்கும் அந்தப் பையன் அட்டை சிரிச்சுக்கிட்டுதான் இருந்துச்சு. எல்லாரும் பாக்கற சுவத்துல யாரு அழற மூஞ்சில குத்துவா. சார்ட்ட எடுத்துட்டு வாசல்ல நின்னு ஒவ்வொருத்தருக்கும் பேர் சொல்லி கை குடுக்கறேன், கை குடுக்கற விதத்துலயே பாதி தெரிஞ்சுரும்.


சேலத்து சைக்காலஜி:

மூஞ்சி சார்ட் பத்தி சார் சொன்னது நூத்துக்கு நூறு. கொங்குநாட்டான், சின்ன வயசுல உணர்ச்சிக்குப் பேர் சொல்லிக் குடுக்கறது நல்லதுதான், கதைல வர்ற நரிக்கு இப்ப எப்படி இருக்கும்னு கேளுங்க, அவங்க சொந்தக் கதைய சுவத்துல ஒட்ட வேணாம்.

இன்னொண்ணு எல்லாருக்கும். டீச்சர் வேற கவுன்சிலர் வேற. நீங்க கவனிக்கணும், பயத்தக் குறைக்கணும், சரியான ஆள்கிட்ட கை மாத்தணும். நோய குணப்படுத்தறது உங்க வேலை இல்ல, அத தலைல ஏத்திக்கிட்டீங்கன்னா உங்களுக்கு தூக்கம் போயிரும், மலையடிவாரம் டீச்சர் ஏற்கனவே அந்த நிலைமைல இருக்காங்க.

நிலாம்மா சொன்ன பாம்பு ஏணி முறை உலகம் பூரா இந்தப் பிரச்சனைக்கு பண்றதுதான், புள்ளைக்கு பயமில்லாத ஆள வெச்சுக்கிட்டு புது ஆள கொஞ்சம் கொஞ்சமா உள்ள விடறது. தினமும் வேணும்னு இல்ல, வாரத்துக்கு ரெண்டு மூணு நாள், காமணி நேரம் போதும். அம்மா சித்தாள் வேலைக்குப் போறவங்களா இருந்தா அந்த இடத்துல அக்கா, பெரியம்மா பொண்ணு, யாரு கூட நல்லாப் பேசுதோ அவங்கள வெச்சுக்கலாம்.


மலையடிவாரம் டீச்சர்:

அம்மா நூறு நாள் வேலைக்குப் போறாங்க, சாயங்காலம் வர முடியாதுன்னாங்க. ஆனா எச்.எம் சார் கிளாஸ்ல, நாலாவதுல, அவங்க சித்தி பொண்ணு படிக்குது. காலைச் சாப்பாடு முடிஞ்சு மணி அடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் என் கிளாஸ்ல விட்டுட்டு நான் வெளிய திண்ணைல உக்காந்து நோட்டு திருத்தறேன். நேத்து உள்ள இருந்து சிரிப்பு சத்தம் கேட்டுச்சு, அது குரலா சித்தி பொண்ணு குரலான்னு தெரியல, நானும் எட்டிப் பாக்கல. ஆர்பிஎஸ்கே டீம் அடுத்த மாசம் வராங்களாம், பேர் குடுத்தாச்சு. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாங்க, மூணாம் வகுப்பு புத்தகத்துல இருந்து வாசிச்சிருக்கு, நான் ரெண்டாம் வகுப்புதான் கேட்டேன்!

அரும்புல இருந்து மாத்திட்டேன். பிஆர்டி மேடம் ஏன்னு கேட்டாங்க, போனக் காதுல வெச்சேன், ஒண்ணும் சொல்லல.


கரும்பலகை72:

நல்லது டீச்சர். சித்தி பொண்ண வெச்சது நல்ல யோசனை.

எம் பேரனுக்கு திங்கக்கிழமை திங்கக்கிழமை வயித்து வலி வருது, ஒண்ணாவதுதான் படிக்கறான். சனி ஞாயிறு ஒண்ணும் இல்ல, டாக்டரும் ஒண்ணும் இல்லைங்கறாரு. நான் நடிக்கறான்னுதான் நினைச்சுட்டு இருந்தேன். இதுவும் இந்த மாதிரி எதாவதா?


சேலத்து சைக்காலஜி:

பெரும்பாலும் நடிப்பு இல்ல சார், அந்த வயசுல பயம் வயித்துலதான் வலிக்கும், வலி நிஜம். டாக்டர் பாத்துட்டாருன்னா அடுத்து திங்கக்கிழமை ஸ்கூல்ல என்ன இருக்குன்னு பாருங்க, டெஸ்டா, வேன் மாறுதா, அன்னிக்கு மட்டும் பக்கத்துல யாராவது உக்காரறாங்களா. லீவு போட்டு வீட்ல வெச்சுக்காதீங்க, ஒரு நாள் விட்டா அடுத்த வாரம் இன்னும் கஷ்டம். தனி இழையா போடுங்க சார், இதுல எல்லாரும் கலந்துரும்.